ஓநாய் மூக்கும் வீட்டு மூக்கும்

ஒரு நாளைக்கு ஒரு சிகரெட் போதாது, இனிமேல் இரண்டு என்று சார்ட்காரர் முடிவெடுத்தது, ஓநாயின் மூக்கை வரைந்துகொண்டிருந்தபோதுதான்.

பள்ளிக்கூடங்களுக்குச் சுவரில் மாட்டும் சார்ட்டாக உடல் உறுப்புப் படங்கள் வரைந்து கொடுப்பது அவர் பிழைப்பு. படத்தை அவர் வரைவார். உறுப்புகளுக்குப் பெயர் எழுதுவது வீட்டம்மா. சார்ட்காரரின் கோழிக் கிறுக்கலைப் பார்த்து ஒரு தலைமையாசிரியை படத்தைத் திருப்பி அனுப்பியதிலிருந்து இந்த ஏற்பாடு. இந்த முறை வேலை பெரியது. இடது பக்கம் ஓநாய், வலது பக்கம் மனிதன். எலும்பு, ரத்தம், செரிமானம், மூச்சு என்று இரண்டு உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மருத்துவர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கே சார்ட்காரர் வீட்டம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியம் எட்டு நாள் உயிரோடு இருந்தது. அதன்பிறகு, படம் காயவைக்கிறேன் பேர்வழி என்று அறுபது படி ஏறி மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். முடித்ததும் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். இரண்டு கிராம்பை மெல்லுவார். கொடியில் கிடக்கும் வேறு சட்டைக்கு மாறுவார். கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு சுத்தமாகப் போனதில்லை.

இப்போது விஞ்ஞானமும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது. ஓநாய்க்கு முன்னால் மனித மூக்கு எம்மாத்திரம்! கட்டினவள் ஓநாய் இல்லையே.

அதிலும் வீட்டில் நல்ல மூக்கு அவருடையதுதான். பாலை அடுப்பில் வைக்குமுன், "ஏங்க, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்று தினமும் வீட்டம்மா அவரிடம் நீட்டுவாள். அந்த மரியாதையில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அன்று சாயங்காலம் பெயர் எழுத உட்கார்ந்தவள் கேட்டாள்.

"இதுக்கு மூக்குக்குள்ள என்னங்க இத்தனை சுருள்?"

"எல்லாம் வாசனை பிடிக்கத்தான். எங்கயோ நிக்கற மானை இங்கிருந்தே கண்டுபிடிச்சிடும்."

"நமக்கு?"

"நமக்குத் தபால்தலை அளவு இடம். மனுஷ மூக்கு கண்ணாடி மாட்டத்தான் லாயக்கு."

"அப்போ நம்மகிட்ட எதை வேணும்னாலும் மறைச்சிடலாம்."

"தாராளமா!" என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. பேனாவை மசியில் தோய்த்தாள்.

"ஓநாய் எவ்வளவு தூரம் ஓடும்?"

"மைல் கணக்கா ஓடும். ஆனா மனுஷனும் லேசுப்பட்டவன் இல்ல. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், சூடு தணிஞ்சிடும். ஓநாய் பாவம், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கணும்."

"அப்படியா? மாடிப்படி ஏறும்போது நீங்க எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

சார்ட்காரர் கையிலிருந்த தூரிகை நின்றது.

"என்ன சொல்ற?"

"படம் காயவைக்கப் போக ஆரம்பிச்சப்போ நிக்காம ஏறினீங்க. போன மாசம் நடுவுல ஒரு தடவை நின்னீங்க. இப்போ மூணு தடவை."

"வயசாகுதில்ல?"

"வயசு மாசத்துக்கு ரெண்டு தடவையா ஏறும்?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க நிக்கறப்போ நான் இங்க பேனாவைத் தூக்கின கையோட உக்காந்திருக்கேன். மறுபடி காலடிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு ஒரு எழுத்து ஓடாது. ஒரு நாள் கேக்காமலே போயிடுமோன்னு பயமா இருக்குங்க."

படிக்கட்டின் மூன்று திருப்பங்களிலும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கீழே இன்னொருவர் மூச்சும் நின்றிருக்கிறது. சார்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. தூரிகை டப்பாவுக்குப் பின்னாலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார். இந்தத் தடவை சத்தியம் எதுவும் செய்யவில்லை.

ஆனாலும் ஆம்பிளை இல்லையா, ஒரு மூலையில் மீசை துடித்தது.

"சரி, காதால கண்டுபிடிச்சிட்ட. உண்மையைச் சொல்லு. வாசனையை வெச்சு ஒரு நாளாவது கண்டுபிடிச்சியா?"

"இல்லைங்க."

"பாத்தியா! சோப்பு, கிராம்பு, சட்டை, எல்லாம் கணக்கா செஞ்சேன்."

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அப்பவே எனக்கு வாசனை போயிடுச்சு. பூவும் தெரியாது, புகையும் தெரியாது. இல்லேன்னா பாலை எதுக்கு தினம் உங்ககிட்ட நீட்டறேன்?"

சார்ட்காரர் அவள் மூக்கையே பார்த்தார். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிற மூக்கு. ஓநாய் மூக்கில் எத்தனை சுருள் என்று தெரிந்த மனுஷனுக்கு இது தெரியவில்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். நீங்க சிகரெட் வாங்கக் கடைக்குப் போற அவசரத்துல இருந்தீங்க."

பிறகு அவள் உள்ளே போய்ப் பால் பாத்திரத்தோடு வந்தாள்.

"மோந்து பாருங்க."

இனி இந்த வீட்டுக்கே ஒரு மூக்குதான் என்ற பொறுப்போடு சார்ட்காரர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். மாடியில் மென்ற கிராம்பின் வாசனை மட்டும் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கம்பீரமாக.

அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடம் பால் திரிந்தது.