ஆம்புக்கு ஓர் இறப்புச் சான்றிதழ்

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் கோயில் முழுவதும் அடங்கியது. கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் கிளாட்வினின் ஆம்ப் மட்டும் அடங்கவில்லை.

‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக இரைந்தது. முன்வரிசையில் முழங்காலில் இருந்த ஞானபாக்கியம் பாம்பு என்று நினைத்துப் பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டாள். சாமியார் உயர்த்திய கையை இறக்காமல், பாடகர் குழு இருந்த பக்கம் கண்ணை மட்டும் திருப்பினார். கிளாட்வினின் கை ஸ்விட்ச் பக்கம் போய்த் திரும்பியது. அணைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. போன வாரம் அப்படித்தான் அணைத்தான். ‘டொப்’ என்று ஒரு சத்தம். தூபக்கலசம் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.

கிளாட்வின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். வயது நாற்பத்தெட்டு. இருபது வருஷமாகக் கோயிலில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். வீட்டில் பேச வழியில்லாதவன் கோயிலுக்கு வந்து பேஸ் வாசிக்கிறான் என்று பாடகர் குழுத் தலைவி ஹில்டா டீச்சர் அடிக்கடி சொல்வாள். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் அவனைத் தனியே கூப்பிட்டாள். திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் இந்த இரைச்சல் நிற்க வேண்டும், இல்லையென்றால் பேஸையும் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கீபோர்டில் பேஸ். வேட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தால்கூட கிளாட்வினுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் மதியம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் ஒரு வீடியோ பார்த்தான். தாடிக்காரன் ஒருவன் இவனுடையதைப் போலவே ஒரு பெட்டியைக் காட்டி விளக்கினான். இந்த மாதிரிப் பெட்டியில் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாகவே இருக்கும். கீழே பெரிய ஸ்பீக்கர், மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர். இரைச்சல் பெரும்பாலும் குட்டி வழியாகத்தான் வரும். கோயில் பாட்டுக்கு வாசிக்கிற பேஸுக்கு அந்தக் குட்டி அவ்வளவாகத் தேவையும் இல்லை. பெட்டியின் முதுகில் அதற்கென்று ஒரு திருகு இருக்கும். இடது பக்கம் திருகிவிட்டால் தீர்ந்தது.

முதுகிலா? பதினோரு வருஷமாக அந்தப் பெட்டி வீட்டில் சுவரோடும் கோயிலில் தூணோடும் ஒட்டித்தான் நிற்கிறது. அதற்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அவனுக்குப் புதுச் செய்தி.

சாயங்காலம் மனைவி எமில்டா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து, ஆம்பைப் போட்டுப் பெட்டியைத் திருப்பினான். ஒட்டடைக்கு நடுவில் ஒரு சின்னக் கறுப்புத் திருகு. இடது பக்கம் திருகினான். நின்றுபோனது. பதினோரு வருஷப் பெட்டியின் இரைச்சல் இரண்டு விரலில் நின்றுபோனது. கிளாட்வின் அதிர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தான். ஆறாவது நிமிஷம் அடுத்த அதிர்ச்சி. ஆம்ப் சரியாகிவிட்டால் புது ஆம்ப் எப்படி வாங்குவது?

நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புது ஆம்பைப் பார்த்தான். இடுப்பு உயரம். முன்பக்கம் முழுக்க வெள்ளி வலை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவனுக்கு அப்படிப் படபடத்ததில்லை. எமில்டாவிடம் கேட்டபோதெல்லாம், இருக்கிறதே ஒன்று என்றுதான் பதில் வந்தது. இப்போது ஆண்டவராகப் பார்த்து ஒரு காரணத்தை அனுப்பியிருக்கிறார். அதைப் போய் இடது பக்கம் திருகி அணைப்பதா? கிளாட்வின் எழுந்தான். திருகை வலது பக்கம் போகிற மட்டும் திருகினான். பெட்டி குக்கர் மாதிரி சீறியது. திரும்பவும் சுவரோடு ஒட்டி வைத்தான்.

இரண்டு நாள் இந்தச் சீறலைக் கேட்டால், தயவுசெய்து புதுசு வாங்குங்கள் என்று எமில்டாவே கெஞ்சுவாள். இதுதான் திட்டம். திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எமில்டா திரேஸ்புரத்துக்காரி. அவள் அப்பா ஆன்டனிக்குச் சொந்தப் படகு. கடலில் இருக்கிறவர்களோடு பேச வீட்டில் ஒரு வயர்லெஸ் செட் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில்தான் அவள் படித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். எந்த இரைச்சலுக்குப் பிறகு மனுஷக் குரல் வரும், எது வெறும் இரைச்சல் என்று அவள் காதுக்குத் தெரியும்.

கிளாட்வின் இதை யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் வாசித்தான். வாசித்து முடித்த பிறகும் ஆம்பை அணைக்கவில்லை. எமில்டா ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை இரண்டு மணி நேரம். கீழ்வீட்டுப் பெனிஷா மேலே வந்து, கேஸ் கசிகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள். எமில்டா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவன் ஆபீஸிலிருந்து வந்தபோது ஆம்ப் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பாயை விரித்து எமில்டா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இதை யாரு போட்டா?”

“நான்தான். இதைப் போட்டா வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. நல்லா தூக்கம் வருது.” எமில்டா கொட்டாவி விட்டாள். “பெனிஷாவும் கேட்டா, பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு மணி நேரம் குடுங்கன்னு.”

கிளாட்வின் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். இது தாலாட்டு இல்லை, நோய் என்று அரை மணி நேரம் விளக்கினான். கோயிலில் பட்ட அவமானத்தைச் சொன்னான். ஞானபாக்கியம் பெஞ்சில் ஏறிய இடத்தில் எமில்டா சிரித்துவிட்டாள். பிறகு எழுந்துவந்து ஆம்ப் முன்னால் உட்கார்ந்தாள். கிட்டார் வயரை உருவினாள். இரைச்சல் நிற்கவில்லை. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாள். அப்போதும் நிற்கவில்லை. பெரிய ஸ்பீக்கரில் காதை வைத்தாள். குட்டி ஸ்பீக்கரில் காதை வைத்தாள். குட்டியை உள்ளங்கையால் பொத்தினாள். இரைச்சல் அமுங்கியது. கையை எடுத்தாள். வந்தது.

கிளாட்வின் பெட்டியைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் நெருக்கித் தள்ளினான். நல்லவேளை, எமில்டா பெட்டியின் முதுகுப் பக்கம் போகவில்லை.

“ஆம்ப்ளிஃபயரும் ஆம்பளையும் ஒண்ணுதான் போல. வேலை இல்லைன்னாலும் சத்தம் வருது,” என்றாள். “தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க.”

தெரிந்தவன் தயாராக இருந்தான். சுந்தரராஜ் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மைக் செட் வைத்திருக்கிறான், கோயிலுக்கும் அவன்தான் மைக் செட். வெள்ளிக்கிழமை அவனைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பொரிச்ச புரோட்டா வாங்கிக் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்பதை கிளாட்வின் மூன்று தடவை ஒப்பிக்க வைத்தான்.

சனிக்கிழமை மதியம் சுந்தரராஜ் வந்தான். பெட்டியைத் தட்டினான், மோந்து பார்த்தான், உள்ளே டார்ச் அடித்தான். ஐசியூவிலிருந்து வெளியே வருகிற டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தான். எமில்டா அவனுக்குச் சீலாமீன் குழம்பு ஊற்றினாள்.

“மைனி, இது முடிஞ்சு போச்சு. டிரான்ஸ்ஃபார்மர்னா நுரையீரல் மாதிரி. மூச்சு வாங்குது.”

“வைத்தியம் ஒண்ணும் இல்லியா அண்ணன்?”

“பிழைச்சாலும் பாடாது மைனி.”

எமில்டா இன்னொரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். செத்ததை வைத்து என்ன செய்ய, புது ஆம்ப் வாங்கிவிடலாம் என்றாள்.

கிளாட்வின் குடிக்க எடுத்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றிவிட்டான். ஒரு நாள் உண்ணாவிரதம், இரண்டு நாள் மௌனம், தேவைப்பட்டால் கொஞ்சம் கண்ணீர் என்று எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

“ஆனா ரெண்டு விஷயம்,” என்றாள் எமில்டா. “புதுசை நான்தான் வாங்குவேன். நீங்க போனா கடைக்காரன் சொல்லுததை எல்லாம் தூக்கிட்டு வந்துருவிய. அப்புறம், பழசு எனக்கு. அதை நான் என்ன செஞ்சாலும் கேக்கக் கூடாது.”

“எடுத்துக்கோளா. எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னு.”

“சுந்தரராஜ் அண்ணன் சாட்சி.”

சுந்தரராஜ் வாய் நிறைய மீனோடு தலையை ஆட்டினான்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் பழைய ஆம்ப் இருந்த மூலை காலியாக இருந்தது. கேட்கக் கூடாது என்பது பேச்சு. கேட்கவில்லை. டேப் வைத்து அந்த இடத்தை அளந்தான். வெள்ளி வலை வைத்த பெட்டி தாராளமாக நிற்கும். நாலு விரல்கடை மிச்சமும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி. புது ஆம்ப் வரப்போகிறது என்று எல்லார் முன்னாலும் அறிவிக்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே கிட்டாரோடு கோயிலுக்குள் போனான். தூண் பக்கத்தில் அவனுடைய ஆம்ப் நின்றது. துடைத்துப் பளபளவென்று இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை.

கிளாட்வின் கிட்டாரைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

ஹில்டா டீச்சர் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். எமில்டா கோயிலுக்கு ஆம்ப் காணிக்கை கொடுத்திருக்கிறாளாம். அதுவும் இரைச்சலைச் சரிசெய்து கொடுத்திருக்கிறாளாம். இங்கேதான் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திருப்பி, முதுகில் கையை வைத்து ஒரு திருகுதான் திருகினாளாம். இத்தனை வருஷம் வாசிக்கிறீர்களே, உங்களுக்கு இது தெரியாதா என்று டீச்சர் கேட்டாள். கிளாட்வினுக்கு இரண்டே பதில்தான் இருந்தது. தெரியாது என்றால் முட்டாள், தெரியும் என்றால் திருடன். கொஞ்சம் யோசித்துப் பார்த்து, தெரியாது என்றான்.

சுந்தரராஜ் ஒரு மூலையில் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரே வயரை நாலு தடவை சுற்றினான். கிளாட்வின் போய் அவன் பக்கத்தில் நின்றான்.

“ஏலே, நீயா சொன்ன?”

“நான் எதுவும் சொல்லலைலே. அன்னைக்குச் சாயங்காலமே மைனி என் கடைக்கு வந்தா. குட்டி ஸ்பீக்கருக்குத் திருகு பின்னாலதான அண்ணன் இருக்கும்னு கேட்டா. ஆமான்னேன்.”

“உனக்குப் புரோட்டா வாங்கித் தந்தேனேலே.”

“புரோட்டா வெள்ளிக்கிழமை. மீன் சனிக்கிழமை,” என்றான் சுந்தரராஜ்.

வீட்டுக்கு வந்து எமில்டாவைப் பார்த்தான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்பது? திருகு விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், அதையே அவள் திருப்பிக் கேட்பாள். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். புது ஆம்ப் உண்டுதானே என்று மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டான். சொன்னால் சொன்னதுதான், ஆர்டர் போட்டாயிற்று, திருவிழா அன்றைக்கு வரும் என்றாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கோயிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கணக்கு ஒன்றும் மோசமில்லை.

திருவிழாப் பூசையில் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. கோயில் அடங்கியது. ஆம்பும் அடங்கியிருந்தது. அந்த அமைதியில் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியதுகூடக் கேட்டது. கிளாட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பாட்டில் அவன் பேஸ் தரையோடு வந்து எல்லார் காலையும் தொட்டது. ஞானபாக்கியம் பெஞ்சில் ஏறவில்லை. கடைசியில் சாமியார் மைக்கில் நன்றி சொன்னார். ஆம்ப் கொடுத்த எமில்டாவுக்கு, அதைச் சரிசெய்த எமில்டாவுக்கு, மைக் செட் சுந்தரராஜுக்கு. வாசித்தவன் பெயர் வரவில்லை. அதனாலென்ன. வீட்டில் வெள்ளி வலை காத்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடினான். மூலை காலியாகவே இருந்தது.

“வரலியா?” என்றான்.

“வந்துட்டே,” என்று எமில்டா அலமாரியைத் திறந்தாள். சோப்பு டப்பா அளவில் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். கிளாட்வின் பிரித்தான். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புச் சாமான். கூடவே அவள் தனியாக ஒரு ஹெட்போனையும் நீட்டினாள்.

“என்னளா இது?”

“ஆம்ப்.”

“ஆம்பா?”

“கிட்டார்ல சொருகிட்டுக் காதுல மாட்டிக்கிட வேண்டியதுதான். பில்லுல ஆம்ப்னுதான் போட்டிருக்கு, பாருங்க.”

பார்த்தான். போட்டிருந்தது. பில்லைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் சொருகினான், காதில் மாட்டினான், வாசித்தான். நன்றாகவே இருந்தது. அதுதான் அவனை இன்னும் அதிரவைத்தது. வாசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினான். எமில்டா சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஹெட்போனைக் கழற்றி என்ன என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “இனிமே எவ்வளவு சத்தமா வேணும்னாலும் வாசிங்கன்னு சொன்னேன்.”