வாடிக்கையாளர் உள்ளே இருக்கிறார்

படுக்கையறை இனித் திரும்பி வராது என்று மனைவியிடம் சொல்லிவிடுவது என அவர் முடிவு செய்தார். முடிவு செய்தது குளியலறையில். சொல்ல வேண்டியது சமையலறையில். நடுவில் ஒரு சின்ன நடைதான். அதைக் கடக்க அவருக்குக் காலை முழுதும் ஆயிற்று.

தெருவில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். ஆரம்பத்தில் அவர் விற்றது கையடக்கமான ஹார்டு டிஸ்க். கணினியில் செருகி, படங்களையும் கணக்குகளையும் அதில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர்கள் அதைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கூரை ஒழுகியபோது இரண்டும் சேர்ந்து நனைந்தன. அப்போதுதான் அவருக்கு யோசனை வந்தது. ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று என்னிடம். இணையம் வழியாக அதுபாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நிறுவனம் வளர்ந்தது. முதலில் படுக்கையறை மேசைமேல் வளர்ந்தது. பிறகு கட்டில்மேல் வளர்ந்தது. பிறகு கட்டில் வெளியேறியது.

“ஆறே மாசம்,” என்று அவர் சொன்னது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

“கிளவுட்ல இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க,” என்றாள் மனைவி அப்போது. “மேலே இருக்கற விஷயத்துக்கு என் பீரோவை எதுக்குங்க நகர்த்தணும்?”

பீரோ நடைக்குப் போயிற்று. கண்ணாடி பால்கனிக்குப் போயிற்று. எதிர்க் கட்டடத்தின் நான்கு மாடிகளும் பார்த்துக்கொண்டிருக்க அவள் வகிடு எடுத்தாள்.

பிரதிகளைச் சேமிக்கும் அந்தப் பெட்டிகள் சூடு ஏறினால் செத்துவிடும். அதனால் வீட்டில் இருந்த ஒரே ஏசி அவற்றுக்காக ராப்பகலாக ஓடியது. பெட்டிகளை யாராவது கண்காணிக்கவும் வேண்டும். அந்தக் கடமையை அவரே ஏற்றுக்கொண்டார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் பாய் விரித்து, கண்ணை மூடிக் கண்காணித்தார். கூடத்தில் மகள் தலையில் ஈரத்துண்டோடு கணக்குப் போட்டாள். பள்ளி ஆசிரியையான மனைவி, மின்விசிறி அனுப்பும் வெந்த காற்றில் பரீட்சைத் தாள் திருத்தினாள். அந்தக் கோடையில் எந்த மாணவனுக்கும் அவள் கையால் நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை.

நிறுவனத்துக்கென்று தனிக் கைபேசி இருந்தது. அது அடித்தால் அவர் குரல் மாறிவிடும். “வணக்கம், சொல்லுங்க மேடம்” என்று வெண்ணெய் தடவியதுபோல் வரும். எல்லா அழைப்புகளும் பதிவாகும், பதிவுகளுக்கு மூன்று இடத்தில் பிரதி உண்டு என்பது நிறுவனத்தின் பெருமை. இணையத்தில் இதுவரை ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைவாக ஒருவரும் போட்டதில்லை என்பது அதைவிடப் பெரிய பெருமை.

முதல் வாடிக்கையாளர் கீழ்வீட்டுப் பல் டாக்டர். தெருவின் பாதிப் பற்கள் எக்ஸ்ரே படங்களாக அவர் பெட்டியில் இருந்தன.

“பத்திரமா இருக்கு டாக்டர்.”

“எங்க இருக்கு?”

“கிளவுட்ல.”

“அதான்யா, எங்க?”

தொட்டுப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வருகிறது. ஆகவே அவர் ஒரு விதி எழுதி அறைக்கதவில் ஒட்டினார். வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து தம் பெட்டியைப் பார்க்கலாம். அவர் உள்ளே இருக்கும்வரை வேறு யாரும், நிறுவனர் உட்பட, அறைக்குள் இருக்கக் கூடாது. ‘நிறுவனர் உட்பட’ என்பதை ஒரு கம்பீரத்துக்காகச் சேர்த்தார். அந்த இரண்டு வார்த்தைகளால் மட்டும் பாதித் தெரு வாடிக்கையாளராயிற்று. கைப்பிடியில் மாட்ட ஓர் அட்டையும் செய்தார்: ‘வாடிக்கையாளர் உள்ளே இருக்கிறார்.’

வெயில் ஏற ஏற டாக்டருக்குப் பெட்டியின்மேல் பாசம் ஏறியது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடியேறி வருவார். ஒரு மணி நேரம் கழித்து, கன்னத்தில் பாயின் கோடுகளோடு வெளியே வருவார்.

“நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?”

“ஆழமாப் பாத்தேன்.”

மனைவி தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தி, அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

ஒருவழியாக அவர் சமையலறையை அடைந்தார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ரூம் வராது. அதானே?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“காலைலேருந்து குளியலறைல ஒத்திகை நடக்குதே. ‘கம்பெனியோட வளர்ச்சியை முன்னிட்டு’ங்கறது எதிர்வீடு வரைக்கும் கேட்டுது.”

“உனக்கு வருத்தமில்லையா?”

“வளரட்டுமே. நல்லதுதானே?”

பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்த ‘நல்லதுதானே’யைக் கேட்டு நடுங்கியிருக்க வேண்டும். அவருக்கு நிம்மதி வந்தது. நிம்மதியோடு தூக்கமும் வந்தது. கண்காணிக்கப் போனார்.

பாயில் சாய்ந்ததும் நிறுவனக் கைபேசி அடித்தது.

“வணக்கம், சொல்லுங்க மேடம்.”

“உங்க சேவைல புதுசா சேந்திருக்கேன்.”

“ரொம்ப சந்தோஷம் மேடம்.”

குரல் கைபேசியிலிருந்தும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.

“ஏய், நீயா? என்ன விளையாட்டு இது?”

“இந்த அழைப்பு பதிவாகுதுன்னு ஆரம்பத்துல சொன்னாங்களே?”

“ஆமா... மேடம்.”

“மூணு இடத்துல பிரதியா?”

“மூணு இடத்துல, மேடம்.”

“அப்ப அந்த ‘ஏய்’யும் மூணு இடத்துல பத்திரமா இருக்கும்.”

“தெரியாமச் சொல்லிட்டேன் மேடம். நீங்க மன்னிக்கணும்.”

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டதும் அதுதான் முதல் தடவை. அவையும் பதிவாயின.

“என் பெட்டியை வந்து பாக்கலாமா?”

“எப்ப வேணா வரலாம் மேடம்.”

“கதவுகிட்டதான் நிக்கறேன்.”

திறந்தார். ஒரு கையில் தலையணை. மறு கையில் பரீட்சைத் தாள் கட்டு, மேலே சிவப்புப் பேனா.

“தலகாணி எதுக்கு?”

“டாக்டர் ஆழமாப் பாக்கலாம். நான் பாக்கக் கூடாதா?”

“இது வேற, அது வேற. அவர் வாடிக்கையாளர்.”

“நான்?”

கதவிலிருந்த விதியை அவர் ஒருமுறை படித்தார். எழுதியவன்மேல் கோபம் வந்தது. ‘மனைவி நீங்கலாக’ என்று இன்னும் இரண்டு வார்த்தை போட்டிருக்கலாம். நிறுவனரைச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு மனைவியை நீக்கத் தெரியவில்லை.

“விட மாட்டேன்னா சொல்லுங்க,” என்றாள் அவள் அமைதியாக. “ஒரு நட்சத்திரம் போட்டுட்டுப் போயிடறேன்.”

அவர் பாயைச் சுருட்டினார்.

“பாய் இருக்கட்டும்.”

வைத்தார். திரும்பினால் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால், எப்போது வந்து சேர்ந்தார்களோ, மாமியார், மச்சான், மச்சான் பெண்டாட்டி. மூன்று பேர் கையிலும் போர்வை.

“மாப்பிள்ளை, என் பெட்டி எந்தப் பக்கம்?” என்றார் மாமியார்.

“உங்களுக்கேது பெட்டி?”

“குடும்பத் திட்டம்,” என்றாள் மனைவி. “ஒருத்தர் சேந்தா அஞ்சு பேருக்கு. போன மாசம் நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?”

அவர்தான் கண்டுபிடித்தார். வளர்ச்சிக்காக. நோட்டீஸ் அடித்து வீடுவீடாகப் போட்டார். ஒன்று தன் வீட்டுக் கதவிடுக்கிலேயே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“எத்தனை நாளைக்குச் சேந்திருக்கே... சேந்திருக்கீங்க?”

“ஆயுள் சந்தா.”

தலைக்குமேல் ஏசி குளுகுளுவென்று ஊதியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என்னையும் அந்தத் திட்டத்துல சேத்துக்கோயேன்.”

“அஞ்சு பேர்னுதானே போட்டிருக்கீங்க? ஆறாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்?”

கதவு சாத்திக்கொண்டது. மகளின் கை மட்டும் வெளியே நீண்டு, அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போயிற்று.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி சுட்டது. சட்டை முதுகில் ஒட்டியது. மகள் விட்டுப்போன துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதிலும் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. பல் டாக்டர் மாடியேறி வந்தார். அட்டையைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த பலதரப்பட்ட குறட்டைகளைக் கேட்டார்.

“எத்தனை வாடிக்கையாளர்யா உள்ளே?”

“அஞ்சு.”

“பரவாயில்லையே. நல்ல வளர்ச்சி,” என்று சொல்லி இறங்கிப் போனார்.

அவர் பெருமூச்சு விட்டார். நெஞ்சின் அடியிலிருந்து, மூன்று வருஷத்து உழைப்பெல்லாம் சேர்ந்து வந்த பெருமூச்சு. இன்னொன்றும் விட்டார். நன்றாக இருந்தது. அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே காற்று அதுதான்.

கைபேசி அடித்தது.

“வணக்கம், சொல்லுங்க மேடம்.”

“ஒரு புகார். வெளியே யாரோ பெருமூச்சு விட்டுக்கிட்டே இருக்காங்க. பெட்டியை நிம்மதியாப் பாக்க முடியல.”

“மன்னிக்கணும் மேடம். இப்பவே நிறுத்தச் சொல்றேன்,” என்றார்.

நிறுத்தினார்.