மினி ரன்

வேலைக்கான நேர்முகத்தில் சிங்களம் தெரியுமா என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும்" என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து அப்போது பதினொரு நாள். என் சிங்களம் பஸ்ஸை நிறுத்தவும் கடையில் பாண் ரொட்டி வாங்கவும் மட்டும் போதும். (பாண் கேட்டால் சில நாள் இனிப்புப் பணிஸ் வரும். அதையும் பேசாமல் சாப்பிட்டேன்.)

வேலை திகனவுக்கு அப்பால், கைவிடப்பட்ட ஒரு காரீயச் சுரங்கத்தில். பென்சிலுக்குள் இருக்கிற கரியை ஒரு காலத்தில் அங்கே தோண்டினார்கள். அதே இடத்தில் தங்கமும் இருக்கிறதா என்று எங்கள் நிறுவனம் துளை போட்டுப் பார்த்தது. மெஷின் உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுக்கும். நான் இலக்கமிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால்தான் நிரந்தரம். ஊரில் அம்மாவோ "மகள் தங்கச் சுரங்கத்தில" என்று அயலெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

ஒரு நாள் துளை போடும் பண்டார, மெஷின் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்: "மிஸ்! மினிரன் ஹம்புனா!"

'ஹம்புனா' என்றால் கிடைத்தது. 'ரன்' என்றால் தங்கம், கண்டி நகைக்கடைப் பலகைகளில் பார்த்திருக்கிறேன். 'மினி'க்கு அகராதி எதற்கு? மினி பஸ், மினி தங்கம்! கிட்டப் போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். நானா பார்ப்பேன்? சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி, மேலதிகாரி ஹனீபா சேரை அழைத்தேன்.

"சேர், தங்கம் கிடைச்சிட்டுது! சின்னத் தங்கம்!"

"மெய்யாவா செல்றீங்க, புள்ள?"

"ஓம் சேர்!"

சேர் முதலாளியையும், கொண்டாட ஒரு தட்டு வட்டிலப்ப இனிப்பையும் ஏற்றிக்கொண்டு பறந்து வந்தார். பெட்டிக்குள் கன்னங்கரேலென்று ஒரு உருளை. முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார். நெற்றி முழுக்கக் கரி.

"இது மினிரன். காரீயம்" என்றார் ஹனீபா சேர். "தங்கமெண்டு ஒங்களுக்குச் செல்லினது யாரு?"

கண்முன்னே யாழ்ப்பாண பஸ் வந்து நின்றது.

"நான்தான் சேர்" என்றார் பண்டார, தன் அரைகுறைத் தமிழில். "மிஸ் பிழை இல்ல. நான் ரத்தரன், தங்கம் சொன்னது. கண் கொஞ்சம் சரி இல்ல."

காரீயத்தைத் தங்கம் என்று நினைக்கும் துளைகாரர் உலகத்தில் கிடையாது. அது ஹனீபா சேருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார், பண்டாரவைப் பார்த்தார், வட்டிலப்பத்தைப் பார்த்தார். "சரி, கொண்டுவந்தத திம்போம்" என்றார்.

பண்டாரவுக்கு ஒழுங்காக நன்றி சொல்லவும் என்னிடம் சிங்களம் இருக்கவில்லை. "ஸ்தூதி, ஸ்தூதி" என்று அழுதேன். அங்கே கடைசிவரை தங்கம் வரவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது, அவர் சொன்ன அந்த ஒரு பொய்யால்.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, வீட்டில் நான் என்ன நல்ல செய்தி சொன்னாலும் தம்பி உடனே கேட்பான்: "மினியோ அக்கா, முழுசோ?"

என் கலியாணத்துக்குப் பண்டார மனைவியோடு வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். யார் என்று தம்பி கேட்டான். சொன்னேன். அவன் நேரே போய் அவர் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்து, அம்மாவிடம் சொன்னான்:

"அம்மா, இவர்தான் முழுசு."