செயலாளரின் கம்பளித் தொப்பி

மே மாத வெயிலில், தகரக் கூரை போட்ட தையல் யூனிட் மாடியில், கடவுள் இல்லை என்று பேசும் நல்லூர் மனிதநேய வட்டத்தின் செயலாளர் சண்முகவேல் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். வேர்வை காது வழியாக இறங்கி சட்டைக்குள் ஓடியது. தொப்பியைக் கழற்றலாம்தான். கழற்றினால் மானம் போய்விடும்.

உள்ளே பழனி மொட்டை. மகள் பரீட்சையில் தேறினால் அப்பன் முடி முருகனுக்கு என்று மனைவி ஜெயபாரதி வேண்டிக்கொண்டிருந்தாள். முடிக்குச் சொந்தக்காரரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடியாது என்று குதித்தார். அவள் பேசாமல் சோறு போட்டாள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார், மூன்றாம் நாள் பழனி பஸ்ஸில் இருந்தார்.

போன கூட்டத்தில்தான், "முடிக்கும் கடவுளுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று மேசையைத் தட்டியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு மாரிச்செல்வம் தன் குழந்தைக்குக் குலசாமி கோயிலில் வைத்திருந்த மொட்டையை நிறுத்தி, மாமனார் வீட்டோடு சண்டையும் போட்டிருந்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இதே யூனிட்டில் அவரோடு வேலை செய்யும் பிள்ளை. அவனுக்குத் தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

"அண்ணாச்சி, இந்த வெக்கையில குல்லா என்னத்துக்கு? கழத்துங்க" என்றான் அவன்.

"இருக்கட்டும் மாரி. ஒடம்பு சரியில்ல."

"காச்சலுங்களா?" என்று கேட்டார் தலைவர் கந்தவேல். கோயில் இருக்கும் தெருவில்கூட நடக்காதவர் என்று பெயரெடுத்தவர்.

"இல்லீங்க. ஒரு மருந்து சாப்புடறேன். முடி கொட்டிப்போச்சுங்க."

தையல்காரி சித்ராதேவியும் டீ கொடுக்கும் முத்தாயியும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இருந்த நாலு பேரும் புற்றுநோய் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் சண்முகவேல். மாரிச்செல்வத்தின் கண் கலங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

நோட்டீஸ் அடித்தும், டீயும் பன்னும் கொடுத்தும் ஒரு வருடமாக வளராத வட்டம் அது. அடுத்த ஞாயிறு மாடியில் நிற்க இடமில்லை. துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் வந்தார்கள், சாமளாபுரத்துத் தறிக்காரர்கள் வந்தார்கள். ஒரு மனுசனுக்கு ஒன்று என்றால் ஓடி வரும் கூட்டமாம் இது என்று ஊரெல்லாம் பேச்சு.

"அவ்வளவு பெரிய நோவெல்லாம் இல்லீங்க" என்று சமாளித்துப் பார்த்தார்.

"என்ன நெஞ்சுரம் பாருங்க!" என்று உருகினார்கள்.

"ஆஸ்பத்திரிக்கே போகலீங்க. போக வேண்டியதும் இல்லீங்க" என்றார். டாக்டர்களே கைவிரித்துவிட்டதாக அன்றே செய்தி பரவியது. அதற்கப்புறம் வீட்டுக்கு இளநீர் குலை குலையாக வந்தது.

"வர்றவங்ககிட்ட நானு அழுவோணுமா, சிரிக்கோணுமா? ஒண்ணு சொல்லிப்போடுங்க" என்று ஜெயபாரதி பல்லைக் கடித்தாள்.

போதாக்குறைக்கு முடி முளைக்க ஆரம்பித்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலையில் தானே மழித்துக்கொண்டார். முருகன் கேட்டது ஒரு மொட்டை. இவர் தினம் ஒரு மொட்டை போட்டார்.

ஒருநாள் மாரிச்செல்வம் கேழ்வரகுக் கஞ்சியோடு வந்தான். இரண்டு வாரமாக இவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க படுத்துக்கிடுங்க அண்ணாச்சி. கம்பெனிய நான் பாத்துக்கிடுதேன்."

இவ்வளவு நல்லவனை ஏமாற்றுகிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக வந்தது. வட்டம் உடைந்தாலும் உடையட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மாடி நிரம்பி, படிக்கட்டு வரை ஆட்கள். சண்முகவேல் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு நோவே இல்லீங்க. இது பழனியில போட்ட மொட்டை. ஊட்டுல வேண்டுதல். வெளிய சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்லிப்போட்டேன். மாரி, உன்ர காலுல வேணும்னாலும் உழுந்தர்றேன்."

மாரிச்செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சித்ராதேவி முந்தானையைத் திருகினாள். தலைவர் கந்தவேல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. ஒருத்தர்கூடத் தன் முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்று சண்முகவேலுக்குப் புரிந்தது. கூனிக்குறுகிப் போய் நின்றார்.

அப்போது, டீ கொடுத்துக்கொண்டிருந்த முத்தாயி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நோவே இல்லீங்களா, முருகா! ஏனுங்க தலைவரே, இவருக்கு நல்லாவோணும்னு நீங்க முன்னால நின்னு நம்ம அத்தன பேரையும் மொட்டைக்கு நேந்துக்க வெச்சீங்களே, பலிச்சிருச்சுங்க! பழனிக்கு வண்டி சொல்லிப்போடுங்க!"