தூரமோ அண்ணை காப்பாற்றிய கொடுவாக்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதிகம் மீன் பிடித்தவர் யாரென்று கேட்டால் கரைக்குக் கரை ஒவ்வொரு பெயர் சொல்லி அடிபடுவார்கள். அதிகம் மீன்களைக் காப்பாற்றியவர் யாரென்று கேட்டால் அடிபாட்டுக்கே இடமில்லை. தூரமோ அண்ணைதான். அவர் காப்பாற்றிய மீன்கள் அத்தனையும் எனக்கு வரவேண்டியவை. ஆகவே இதை வாசிக்கிறவர்கள் சிரித்தால் அது அவர்கள் பாடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் பல்கலைக்கழகம் முடித்து வந்து கணினியில் காணி வரைபடம் கீறுகிறவன். அவர் வெயிலில் நின்று நாடா பிடித்து, எல்லைக்கல் தேடி, வேலிச் சண்டைகளுக்கு நடுவில் வயது போக்கியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் தூரமோ அண்ணை.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிற ஒருவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் பிழைத்துப் போகும், நடக்காது. அறிய ஆசையென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். அவரும் "ஓம், கொஞ்சம் தூரம்" என்று ஒன்றுமே சொல்லாமல் பதில் சொல்லிவிட்டுப் போவார். இதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்? போகிற இடத்தையெல்லாம் படம் எடுத்து உலகத்துக்கு அறிவிக்கிற காலம். ஆனால் அண்ணைக்கு இது சட்டம். யாராவது "எங்கை" என்று தொடங்கினாலே போதும், மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, கதிரையில் இருந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, நிதானமாக மறுபடி வெளிக்கிடுவார்.

ஒருநாள் எங்கள் முதலாளி அவரிடம் வரைபடத்தைக் கொடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தானே அனுப்பிவிட்டு, வாசலில் வேறு யோசனையில் நின்றவர், "எங்கை காணும் போறீர்?" என்று கேட்டுத் தொலைத்தார். அண்ணை வீடு போய்த் தண்ணீர் குடித்து வருவதற்குள் வழக்கைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். முதலாளி குதித்தார். கேட்டது நீங்கள்தானே என்று அண்ணை அமைதியாகச் சொன்னாராம்.

இப்படிப்பட்ட மனிதரைக் கூட்டிக்கொண்டு நான் மீன் பிடிக்கப் போனேன்.

எனக்குப் பிடித்திருந்த விசர், கொடுவா. பெரிய வாய், வெள்ளிச் செதில், தடித்த வால். ஓடுகிற தண்ணீரின் ஓரத்தில், பாலத்துத் தூணின் நிழலில் அசையாமல் நிற்கும். இரை கிட்ட வந்ததும் 'டொப்' என்று கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம், இரை இல்லை. வலைபோட்டுப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தூண்டிலில், அதுவும் பொய் இரையைக் காட்டி ஏமாற்றிப் பிடிக்க வேண்டும். காணொளிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் வீங்கியது. தொடங்குகிறவனுக்கு என்ன வேண்டும்? பாரமில்லாத தடி, நல்ல ரீல், மெல்லிய நூல், நூலின் நுனியில் ஒரு முழம் தடித்த தங்கூசி நரம்பு. கொடுவாவின் செவுள் மூடி கத்திமாதிரி, மெல்லிய நூலை அறுத்துவிடும். பிறகு வாலாட்டுகிற ரப்பர் மீன். பிறகு பொறுமை. எல்லாம் சொன்னார்கள். கூட வருகிறவனைப் பார்த்துத் தெரிவுசெய் என்று ஒருவனாவது சொன்னானா? அந்தக் காணொளிக்காரர்கள் மீது எனக்குத் தனியாக ஒரு கோபம் இருக்கிறது.

தை பிறந்ததும் எனக்குக் கொழும்பில் புது வேலை. மாரி மழையில் வழுக்கையாறு நிரம்பி, அராலிப் பாலத்தடியால் கடலுக்கு இறங்குவது கார்த்திகை, மார்கழியில்தான். அந்தப் பாய்ச்சலின் வாயில்தான் கொடுவா காவல் நிற்கும். போவதற்குள் ஒரு கொடுவா. ஒன்றே ஒன்று. என் கையால். அந்த மாரி முழுவதும் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தின் பின்வளவில் வீசிப் பழகினேன். கொழுக்கி கட்டினால் கண்ணைக் குத்துமென்று நூல் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டியிருந்தேன். முதல் வீச்சு பின்னால் போய் முருங்கையில் தொங்கியது. அடுத்ததில் ரீலுக்குள் நூல் குருவிக்கூடு கட்டியது. அதற்கடுத்தது அழகாகப் பறந்து, வேலி தாண்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சேட் ஒன்றைச் சுற்றிக்கொண்டது. இழுத்தேன். சேட் வந்தது.

பின்னால் தூரமோ அண்ணை சோற்றுப் பாத்திரத்தோடு நின்றார்.

"முதல் மீன் அம்பிட்டிட்டுது போலை" என்றார். பிறகு, "நானும் வாறன்."

அவர் முட்டை கூடத் தொடாத சைவம். மீன் சந்தையைக் கடக்கும்போது மூச்சை அடக்குகிறவர். நீங்கள் எதற்கு என்று கேட்டேன்.

"தின்ன வாறன் எண்டு ஆர் சொன்னது? பாக்க வாறன். இறாலைக் குத்திப் போடுறதெண்டா வரமாட்டன். உது ரப்பர்தானே. ரப்பர் சைவம்."

எனக்கு வேறு வழியில்லை. தடியை பஸ்ஸில் கொண்டுபோக நடத்துனர் விடவில்லை. அண்ணையிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது.

முதல் நாள் விடியற்காலை தடியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். சந்தியில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர, உந்தத் தடியோடு எங்கை போறியள் என்று கேட்டார். வண்டி திரும்பியது. செருப்பு, கதிரை, செம்பு, தண்ணீர். மறுபடி வந்தோம். இந்தமுறை தேத்தண்ணிக் கடைக்காரர். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வெறுங்கையோடு போகிறவனை யாரும் கேட்பதில்லை. தூண்டில் தடியோடு போகிறவனைக் கேட்காமல் விட எங்கள் ஊரில் ஒருவரும் பிறக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகளும் இப்படியே. நாங்கள் மருதனார்மடத்தைத் தாண்டவில்லை. அண்ணையின் வயிறு முழுக்கத் தண்ணீர். அராலியில் கொடுவாக்கள் குடும்பத்தோடு சந்தோஷமாக இருந்தன.

தடியை மறைப்பதென்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் அளவுகோல் போடுகிற நீண்ட உறை இருந்தது. தடியை அதற்குள் விட்டு முதுகில் கட்டினேன். அளவைக்குப் போகிறார்கள் என்று நினைத்து ஊர் பேசாமல் விட்டுவிடும் என்று எண்ணினேன். படித்தவன் விடுகிற பிழை இது. யாழ்ப்பாணத்தானிடம் மீனைப் பற்றிக் கேட்காமல் இரு என்றாலும் இருப்பான். காணி அளக்கிறவனைக் கண்டு கேட்காமல் இருப்பானா?

வட்டுக்கோட்டையில் ஒருவர் சைக்கிளை எங்களுக்குக் குறுக்கே விட்டார்.

"ஆரின்ரை காணி அளக்கப் போறியள்? அண்ணன்காரன் களவாக் கூப்பிட்டவனோ?"

இல்லை, மீன் பிடிக்கப் போகிறோம் என்றேன். அவர் என் முதுகில் கிடந்த உறையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அளவைக்காரர் மீன் பிடிக்கிறதோ? ஆருக்குத் தம்பி கதை விடுறீர்?"

"எங்கை" என்ற சொல் வராததால் அண்ணை வண்டியைத் திருப்பவில்லை. அந்த மனிதர் அராலி வரைக்கும் சைக்கிளில் எங்களுக்குப் பின்னால் வந்தார். வருகிற வழியில் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டு வந்தார். நாங்கள் பாலத்தடியில் இறங்கி, நான் தடியை எடுத்துப் பூட்டி, தண்ணீரைப் பார்க்கிறேன், அருமையான பாய்ச்சல், தூணடியில் ஒரு சுழி, 'டொப்' என்று ஒரு சத்தமும் கேட்டது. அந்த நேரம் பார்த்து சைக்கிள்காரரின் அண்ணன்காரன் வந்து சேர்ந்தார். தன் காணி வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டவன் தம்பி என்றார். தள்ளினது மழை என்றார் சைக்கிளில் வந்த தம்பி. இரண்டு பேரும் என் மீனுக்கு மேலே நின்று கத்தினார்கள்.

தூரமோ அண்ணைக்கு அந்தச் சத்தம் வீட்டுச் சத்தம் மாதிரி. நிதானமாக வந்தார். என் கையிலிருந்த தடியை வாங்கினார். வாங்கி, அதன் நுனியால் ஈரமண்ணில் கோடு கீறி இரண்டு பேருக்கும் காணி பிரித்துக் காட்டத் தொடங்கினார். கிணற்றுக்கு ஒரு வட்டம், பனைக்கு ஒரு புள்ளி. சகோதரர்கள் குந்தியிருந்து பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு, அண்ணையைத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப் போனார்கள். தண்ணீர் வற்றிப் பாய்ச்சல் நின்றுவிட்டது. நான் தடி நுனியில் அடைந்த மண்ணைக் குச்சியால் கிண்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்த நுனி வளையத்தில் சொரசொரப்பு இருக்கிறது.

மார்கழி பாதி போனது. திருவெம்பாவை தொடங்கியது. அந்த நாட்களில் மீன் சாப்பிடுகிற வீட்டிலேயே சட்டி கவிழ்ந்துவிடும். அண்ணையைக் கேட்கவா வேண்டும்? ஆனால் நான் பயணம் வெளிக்கிட முன் மிச்சமிருந்த ஞாயிறு ஒன்றே ஒன்றுதான். நான் போயே தீருவேன் என்றேன். அண்ணை நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். மீன் கரைக்கு வந்தால் கோலி எடுக்க ஓர் அத்தாங்கு வலை வாங்கி வைத்திருந்தேன். அதைப் பிடிப்பீர்களா என்று கேட்டேன். அத்தாங்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பிடி மரம்தானே. வலையிலை கை படாமல் பிடிக்கிறன்."

இருட்டோடு வெளிக்கிட்டதால் கேட்க ஒருவரும் எழும்பியிருக்கவில்லை. விடியும்போது பாலத்தடியில் நின்றோம். முந்தின நாள் மழை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மீனைத் தூணுக்கு மேற்பக்கம் போட்டு, வெள்ளத்தோடு வர விட்டு, மெல்லச் சுற்றினேன்.

டொப்.

தடி வளைந்த வளைவை இப்போதும் என் தோளில் உணர்கிறேன். ரீல் அலறியது. கொடுவா ஒரு தடவை முழு உடம்போடும் மேலே எழும்பியது. என் காலளவு நீளம், சத்தியமாக. தலையை ஆட்டி விழுந்தது. நான் விட்டு விட்டு இழுத்தேன். காணொளியில் சொன்ன அத்தனையையும் செய்தேன். ஓட விட்டேன், களைக்க விட்டேன். அண்ணை முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, அத்தாங்கை நீட்டிக்கொண்டு நின்றார். மீன் அவருக்குக் கிட்ட வந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னும் ஒரு முழம். வலை விளிம்பைக் கண்டதோ என்னவோ, சடாரென்று வாலை அடித்துத் திரும்பிக் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

அப்போது தூரமோ அண்ணை, வாழ்நாளில் ஒரு மனிதரிடமும் கேட்காதவர், பிறர் கேட்டதற்காக வழக்கையே பிழைக்க விட்டவர், தொண்டை கிழியக் கத்தினார்.

"எடேய், எங்கையடா போறாய்!"

கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அத்தாங்கு தண்ணீரோடு போனது.

கொடுவா நின்றது. திரும்பியது. எங்களை நோக்கி நேராக வந்தது. இந்தக் குடாநாட்டில் அந்தச் சட்டத்தை மதித்த இரண்டாவது உயிர் அது. தூண்டில் பிடிக்கிறவனுக்கு இதைவிடக் கேடு கிடையாது. மீன் விலகி ஓடும்வரை நூல் விறைப்பாக இருக்கும், கொழுக்கி இறுகி இருக்கும். எதிரே வந்தால் நூல் தொய்ந்துவிடும். நான் விசரன் மாதிரி ரீலைச் சுற்றினேன். போதவில்லை. அண்ணைக்கு முன்னால் எழும்பிப் பாய்ந்து, ஒரு தலையாட்டு. ரப்பர் மீன் பறந்து வந்து அவருடைய நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கொடுவா போய்விட்டது.

அண்ணை சேட்டில் கொழுக்கியோடு நின்று, வட்டங்கள் அடங்குகிற தண்ணீரையே பார்த்தார். "திரும்பி வந்ததைக் கண்டனீரோ?" என்றார். ஏதோ கோயிலில் அற்புதம் கண்ட குரல்.

வாயில் வந்த அத்தனையையும் சொல்லி அவரை ஏசினேன். வழி முழுவதும் ஏசினேன். சேட்டிலிருந்து கொழுக்கியைக் கழற்றும்போது கூட ஏசினேன். அவர் ஓம், ஓம் என்றே வந்தார். ஒரு சொல் திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

தடியைக் கொழும்புக்குக் கொண்டுபோக முடியவில்லை. வேறு இடமில்லாமல் அவர் வீட்டில் வைத்தேன். தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

அடுத்த மாரியில் ஒரு ஞாயிறு காலை, கொழும்பில் இருந்த எனக்கு வாட்ஸ்அப்பில் அவருடைய அழைப்பு. படத்தில் முதலில் வானம் தெரிந்தது, பிறகு பாலம், பிறகு இடுப்பளவு தண்ணீரில் தூரமோ அண்ணை. வலை இழுக்க வந்த யாரோ ஒருவர் கரையில் நின்று தொலைபேசியைப் பிடித்திருந்தார். அண்ணை உடுத்திருந்த சாரம் மிதந்தது. இரண்டு கையாலும் ஒரு கொடுவாவின் கீழ்வாயை இறுக்கிப் பிடித்திருந்தார். மீன் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். மீன் வாடையாம்.

"தம்பி, கெதியாப் பாரும். கை வழுக்குது."

"ஆரின்ரை தடியாலை பிடிச்சனீங்கள்?"

"உம்மடை தடிதான். அப்ப மீனும் உம்மடைதானே. எத்தினை ஞாயிறு நிண்டிட்டன் இதுக்கு. சொல்லும், வைக்கவோ, விடவோ?"

எனக்கு வந்த கோபத்தில் அலுமாரிக்குப் பின்னாலிருந்த பல்லி ஓடியது. என் தடி. என் பாலம். என் கொடுவா. போன மாரி முழுவதும் காத்திருந்தவன் நான். முட்டை கூடத் தின்னாத மனிதருக்கு அது அம்பிட வேண்டுமா?

"விடுங்கோ" என்றேன்.

வாயைத் தண்ணீரோட்டத்துக்கு நேரே பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, அது வாலடிக்கும்வரை நின்று, பிறகு கையை எடுத்தார். எப்போதோ நான் சொன்னதுதான். அதற்குப் பிறகு நான் தொடங்கினேன். தொடாதே என்ற தடியை ஏன் தொட்டீர்கள், ரீல் உப்புத் தண்ணீரில் தாழுகிறதே, ஊற்றிக் கழுவினீர்களா, தங்கூசி முடிச்சு யார் போட்டது, அது முடிச்சா, நீச்சல் தெரியாத ஆளுக்கு இடுப்பளவு வெள்ளத்தில் என்ன வேலை, அடித்துக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது. அவர் தண்ணீரில் நின்றபடியே ஓம் தம்பி, ஓம் தம்பி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏச ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. ரீலைக் கழுவுங்கோ, நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கரையேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.