எலக்ட்ரான் இன்றைக்கு வராது

உலகத்திலேயே எலக்ட்ரானுக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஜீவன் எங்கள் விடுதியின் ‘வரும்’ அண்ணன்தான். அல்லிநகரத்தில் நாங்கள் வேதியியல் முதலாண்டு சேர்ந்தபோது, அவர் மூன்றாண்டும் முடித்துவிட்டு, முதலாண்டுத் தாள் ஒன்றை மட்டும் அரியராகச் சுமந்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தார். தண்ணீர் லாரி வருமா என்றாலும், மெஸ்ஸில் அப்பளம் வருமா என்றாலும் “வரும்டா” என்பார். பெரும்பாலும் வராது.

அந்தத் தாளில் அவரைக் கவிழ்த்தது ஒளிமின் விளைவுக் கணக்கு. சங்கதி எளிதுதான். உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே கொண்டுவரக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று வேண்டும். விழுகிற ஒளித்துகளின் ஆற்றல் நிறத்துக்கு நிறம் மாறும், சிவப்புக்கு ரொம்பக் குறைவு. அதில் இதைக் கழித்தால், மிச்சம் எலக்ட்ரான் ஓடுவதற்கு. கழிக்கவே போதவில்லை என்றால் ‘வராது’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

அண்ணன் போகமாட்டார். சோடியத்தின் மேல் சிவப்பு ஒளி என்று கேள்வியைப் பார்த்தாலே அவருக்கு மனசு கேட்காது.

“ஒரு லைட்டுக்கு வரலேன்னா பத்து லைட்டப் போடுவோம்டா.”

“நூறு போட்டாலும் வராதுண்ணே. நிறத்த மாத்தணும்.”

“என்னடா இது, ஈவு இரக்கமே இல்லாம பேசுற?”

எங்களோடு உட்கார்ந்த மாதிரித் தேர்வு ஒன்றில் புரொபசருக்குப் பயந்து ‘வராது’ என்று எழுதியவர், மனசு பொறுக்காமல் அதற்கு முன்னால் ‘இன்றைக்கு’ என்று சேர்த்துவிட்டார். புரொபசர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, சிரிப்பு அடங்கிய பிறகு முட்டை போட்டார்.

அண்ணன் அசரவில்லை. குச்சனூர் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவரிடம் கெஞ்சிச் சிவப்பு சீரியல் பல்புகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். அத்தனையையும் குளியலறைத் தகரக் கதவின் மேல் எரியவிட்டார்.

“எலக்ட்ரான் வந்தா நமக்கு எப்பிடிண்ணே தெரியும்?”

“வந்தா தெரியாமயா போகும்? அங்கனயே பாத்துக்கிட்டு இரு.”

பார்த்துக்கொண்டே இருந்தோம். ஃபியூஸ் போனது. வார்டன் வந்தார்.

இத்தனைக்கும் அவருக்குப் போடியில், ஏலக்காய் தரம் பார்க்கிற ஒரு லேபில் வேலை பேசி வைத்திருந்தார்கள். இந்த அரியரை முடித்துப் பட்டத்தோடு போனால் சேர்ந்துவிடலாம். தேர்வு நெருங்கும்போது அவருடைய அத்தா மகனைப் பார்க்கக் கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். வாழைத்தார் வியாபாரி, எலக்ட்ரானைப் பற்றி அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது.

“ஏலே, வாத்தியாருமாரு வராதுன்னுதான சொல்றாக? நீ மட்டும் என்னத்துக்கு வரும் வரும்னு நிக்கிற? உங்கம்மா தொழுகையில ஒனக்காக அழுகுறாடா. வராதுன்னே எழுதிட்டு வா.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு “சரித்தா” என்றார். அவர் யாருக்கும் அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை.

தேர்வு முடிந்து வந்தவர் முகத்தில் பெரிய நிம்மதி. “ஒத்த வார்த்தடா. வராதுன்னு எழுதிட்டேன்.”

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். சோடியம் அதே சோடியம்தான். ஒளி மட்டும் ஊதா. எலக்ட்ரான் வெளியே வர 2.3 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஒளித்துகளிடம் 3.1 இருந்தது.

“அண்ணே, கழிச்சுப் பாத்தீகளா?”

“பாத்தேனே. 0.8 மிச்சம் வந்துச்சு. ஆசையில நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு அடிச்சிட்டேன். சரிதானடா?”

சரி என்று தலையாட்டிவிட்டு, கேள்வித்தாளை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

பாஸ் ஆக, அந்தக் கணக்குக்கு உண்டான மதிப்பெண்தான் அவருக்குக் குறைந்தது. போடி வேலையில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் இப்போது கம்பத்தில் அத்தாவோடு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கிறார். போன மாதம் போன் போட்டு, இன்னொரு முறை எழுதிப் பாருங்கள் என்றேன். “லோடு நிக்குதுடா, அப்பறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

பிறருடைய பேச்சைக் கேட்டு அண்ணன் தன்னைச் சந்தேகப்பட்டது அந்த ஒரு நாள்தான். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. அந்த விடைத்தாள் என் கைக்கு வந்திருந்தால், அவர் அடித்துவிட்ட விடைக்கே முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.