ஏரிக்கரைக்கு இன்னொரு பஸ்

“ஏன்யா சவரிராயன், ஏரிக்கரைக்கு நீ பஸ் விட்டியா, இல்ல கண்டக்டர் தூங்கக் கட்டில் விட்டியா?”

கிளை மேலாளர் கிருஷ்ணசாமி போட்ட சத்தத்தில் விழுப்புரம் டிப்போவே வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. சவரிராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

எந்த ஊருக்கு எந்த டவுன் பஸ் என்று தீர்மானிக்கிற வேலை அவருடையது. பெரிய ஏரியை ஒட்டி ‘லேக் வியூ நகர்’ என்று மனை போட்டு, கலர் கலராகக் கொடி நட்டு, வாசலில் அலங்கார வளைவும் கட்டியிருந்தார்கள். “வருங்காலத்துல டவுனே அங்கதான்யா இருக்கும், இப்பவே பஸ் விடு” என்று உத்தரவு போட்டவர் இதே கிருஷ்ணசாமிதான். இப்போது கேள்வி கேட்பவரும் அவர்தான். மேலாளர் என்றால் அப்படித்தானே!

டிப்போவில் உபரி பஸ் ஏது? எங்கேயாவது பிடுங்கித்தான் இங்கே நட வேண்டும். எந்த ஊரில் கை வைத்தாலும் மறியல் பண்ணுவார்கள். சத்தம் போடாத ஊராகத் தேடிய சவரிராயன், ஏரிக்கு அந்தப் பக்கமிருந்த நல்லான்குப்பம் பஸ்ஸைப் பிடுங்கினார். அவருடைய அக்கா அருள்ராணி வாழ்க்கைப்பட்ட ஊர் அது. அக்கா சொன்னால் ஊர் கேட்கும். தம்பி சொன்னால் அக்கா கேட்பாள். அந்தக் கணக்கைப் போட்டதே தப்பு என்று அன்றைக்கே அவர் மனசு அடித்துக்கொண்டது.

“ஒரே மாசம்க்கா. திருப்பி விட்டுடறேன்” என்று போனில் சொன்னார்.

“அதுக்கு ஏன்டா இப்படி இழுக்கற? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கத்தான வர்றேன். எப்படியோ வந்துக்கறேன்.”

அக்காவிடம் பிடுங்கிய பஸ்ஸாவது உருப்படியாக ஓடியதா? அதுவும் இல்லை. கண்டக்டர் பெரியதம்பி பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் போய், படுத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“மாசக் கடைசிக்குள்ள கூட்டம் வரல, உன்ன திண்டிவனத்துக்குத் தூக்கிடுவேன். அங்க போயி டயர் எண்ணிக்கினு உக்காரு!” என்றார் கிருஷ்ணசாமி.

அன்று சாயங்காலம் சவரிராயன் அக்காவுக்குப் போன் போட்டார்.

“பேஜாராப் போச்சுக்கா. பஸ்ஸு காலியா போவுது. என் மானம் கப்பலேறுது.”

“அழுவாதடா. நான் மாதாகிட்ட சொல்றேன். கூட்டம் வரும் பாரு.”

வந்ததே! அடுத்த வாரமே பெரியதம்பி சட்டை பட்டன் அறுந்து ஓடி வந்தார்.

“சார், பஸ்ஸு நெறைஞ்சிடுச்சு! படியில தொங்கிக்கினு வர்றாங்க!”

சவரிராயனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏற்றிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அக்காவின் பஸ் நினைவுக்கு வந்தது. படியில் தொங்குகிற பஸ்ஸை இனி எப்படிக் கழற்றுவது?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஏரிக்கரைக்கு இன்னொரு பஸ் விட்டால் நெரிசல் குறையும். குறைந்ததும் முதல் பஸ்ஸைச் சத்தமில்லாமல் நல்லான்குப்பத்துக்கு அனுப்பிவிடலாம். பிரமாதம்! நல்லான்குப்பத்துக்குப் பக்கத்திலிருந்த கொட்டாமேட்டு பஸ்ஸைப் பிடுங்கி ஏரிக்கரைக்குத் திருப்பினார்.

இரண்டு பஸ்ஸும் பிதுங்கின.

சரி, மூன்றாவதாக ஒன்று விட்டுப் பார்ப்போம் என்று அதற்கடுத்த ஊரான புளியந்தாங்கல் பஸ்ஸையும் இழுத்துக்கொண்டு வந்தார். அதிலும் நிற்க இடமில்லை. பெரிய வண்டியாக ஒன்றை அனுப்பினார். அது லேக் வியூ வளைவுக்குள் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. அதை வெளியே இழுப்பதற்குள் மற்ற பஸ்களும் பின்னால் வரிசையாக நின்றுவிட, அன்றைய கூட்டம் ரோடு வரைக்கும் வந்துவிட்டது.

“சார், நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றார் பெரியதம்பி. “நீங்க பஸ்ஸு வுட வுடத்தான் கூட்டம் ஜாஸ்தியாவுது. கொஞ்ச நாள் வுடாம இருந்து பாருங்களேன்.”

“யோவ், நீ போயி டிக்கெட்டக் கிழி. திட்டம் போடறது என் வேலை.”

கிருஷ்ணசாமிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சால்வை போர்த்தினார். “வருங்காலத்தக் கண்ணால பாத்தவன்யா இவன்! இப்படியே போனா ஏரிக்கரைக்குத் தண்டவாளம் போட்டு டிராம்தான் விடணும்!”

எல்லோரும் கை தட்டினார்கள். சால்வைக்குள் சவரிராயனுக்குப் புழுங்கியது. ஒரு மாசம் என்று சொன்னது பொங்கலைத் தாண்டி, ஈஸ்டரையும் தாண்டிவிட்டது. முன்னெல்லாம் மாத்திரை வாங்க வரும் அக்கா, வறுத்த மல்லாட்டைக் கடலையோடு வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

போன் போட்டார். அந்தப் பக்கம் இரைப்புச் சத்தம்.

“என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?”

“கொஞ்சம் நடந்தேன்டா, வேற ஒண்ணுமில்ல. அது கெடக்கட்டும், உன் பஸ்ஸு எப்படி ஓடுது?”

“அத ஏன்க்கா கேக்கற? நிக்க எடமில்ல.”

“அப்பாடா!” என்றாள் அக்கா. “சரி, சரி, வச்சிடறேன். ஜல்தியா போவணும்.”

தன் ஊர் பஸ்ஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு திட்டு திட்டியிருக்கலாம். எதுவுமே கேட்காததுதான் சவரிராயனைப் போட்டு அறுத்தது. தாயில்லாத பிள்ளையாகத் தன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு ஒரு பஸ் விட வக்கில்லாமல் போயிற்றே! டிராமாம், சால்வையாம்! திண்டிவனம் என்ன, ராமேசுவரத்துக்கே மாற்றினாலும் சரி, அக்கா பஸ்ஸை எப்படியாவது திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு பண்ணினார். அதற்கு முதலில் ஏரிக்கரையில் எந்தெந்தத் தெருவில் எத்தனை குடும்பம் வந்திருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏரிக்கரைக்குப் போய் இறங்கினார். வளைவுக்கு உள்ளே மனைக்கல்லும் கருவேலஞ்செடியும்தான் தெரிந்தன. நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் நிறுத்தத்தில் திருவிழாக் கூட்டம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் உள்ளே பறந்தன.

சவரிராயன் ஒன்றும் விளங்காமல், கீரைக்கூடையோடு நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்க வூடு இங்க எந்தத் தெரு?”

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இங்க ஏது சார் தெரு? ஐய, நீங்க சவரிராயன் சார்தான? அதான் அருள்ராணி அக்கா ஜாடை அப்படியே இருக்கு! முடியலன்னு அதோ கரை மேல உக்காந்திருக்காங்க பாருங்க. ‘என் தம்பி வுட்ட பஸ்ஸு காலியா போனா அவன் வேலைக்கே வேட்டு, நடங்கடி எல்லாரும்’னு நீங்க பஸ்ஸ நிறுத்தின மூணு ஊரு சனத்தையும் தெனம் இந்தக் கரை மேல ஓட்டிக்கினு வர்றது அவங்கதான் சார்!”